கனரகப் பீரங்கிகளில் குறிநோக்குத் தொலைநோக்கிகள்: மாற்றிப் பொருத்தும் நுட்பத்தின் வரலாறு

பீரங்கியின் குழலை இலக்கை நோக்கிச் சரியாகத் திருப்புவதற்கு உதவும் கருவி குறிநோக்கி எனப்படும். வெறுங்கண்ணால் பார்க்கும் குறிநோக்கிகளுக்குப் பதிலாகத் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்கப்பல்களில் பரவத் தொடங்கியது. நல்ல தொலைநோக்கிகளைச் செய்வது அன்றைக்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. பல டன் எடையுள்ள பீரங்கி ஒன்றின் மேல் அதை அசையாமல் பொருத்துவதும், அது உடைந்தால் வேறொன்றைக் குறி தவறாமல் அதே இடத்தில் வைப்பதும்தான் கடினமாக இருந்தன. கடற்போரின் போக்கை மாற்றிய முன்னேற்றங்களுள் ஒன்று, மயிரிழை அளவிலான இந்தப் பொருத்துதலைச் சார்ந்திருந்தது.

வெறுங்கண் குறிநோக்கியின் குறை

பழைய குறிநோக்கியில் இரண்டு உறுப்புகள் இருந்தன. குழலின் பின்பகுதியில் பள்ளம் வெட்டிய ஒரு சட்டமும் முன்பகுதியில் ஒரு முனையும் இருக்கும். குறிபார்ப்பவர் பின்பள்ளம், முன்முனை, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். மனிதக் கண்ணால் அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண முடியாது. பள்ளத்தைப் பார்த்தால் இலக்கு மங்கும். இலக்கைப் பார்த்தால் பள்ளம் மங்கும்.

போர்க்கப்பல்கள் சில நூறு மீட்டர் இடைவெளியில் நின்று சுட்டுக்கொண்ட காலத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகுக் குழல்களும், உட்புறத்தில் சுருள்வரி வெட்டிய பீரங்கிகளும், புகை குறைந்த வெடிமருந்தும் வந்தன. குண்டுகள் பல கிலோமீட்டர் தூரம் சென்று விழுந்தன. ஆனால் குறிபார்க்கும் முறை பழையதாகவே இருந்தது. பீரங்கி எட்டிய தூரத்தைக் கண் எட்டவில்லை.

1898 ஜூலை 3 அன்று கியூபாவின் சாந்தியாகோ துறைமுகத்துக்கு வெளியே அமெரிக்கக் கடற்படை எசுப்பானியக் கப்பற்படையை முற்றிலும் அழித்தது. வெற்றிக்குப் பின்னர் எசுப்பானியக் கப்பல்களின் சிதைவுகள் ஆராயப்பட்டன. அமெரிக்கர்கள் சுட்டவை 9,400க்கும் மேற்பட்ட குண்டுகள். இலக்கில் பட்டவையாக எண்ணப்பட்டவை ஏறத்தாழ 120. நூறு குண்டுகளுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகவே பட்டிருந்தது. வென்ற தரப்பின் கணக்கே இதுதான்.

மறு ஆண்டு நடந்த ஒரு பயிற்சி இன்னும் மோசமாக அமைந்தது. அமெரிக்காவின் வட அட்லாண்டிக் அணியைச் சேர்ந்த ஐந்து கப்பல்கள், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட விளக்குக் கப்பல் ஒன்றை இலக்காக வைத்து, 1,600 கெஜம் (ஏறத்தாழ 1,460 மீட்டர்) தூரத்திலிருந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் சுட்டன. 25 நிமிடச் சூட்டுக்குப் பிறகு அந்தக் கப்பலின் பாய்களில் இரண்டு துளைகள் மட்டுமே இருந்தன.

பீரங்கியின் மேல் தொலைநோக்கி

தொலைநோக்கி இந்தக் குறையைக் கொள்கையளவில் எளிதாகத் தீர்த்தது. தொலைநோக்கிக்குள் இலக்கின் பிம்பம் விழும் தளத்திலேயே மெல்லிய குறுக்குக் கம்பிகள் வைக்கப்படுகின்றன. ஆகவே கம்பியும் இலக்கும் கண்ணுக்கு ஒரே தளத்தில், ஒரே தெளிவில் தெரிகின்றன. மூன்று பொருள்களை ஒன்றுசேர்க்கும் வேலை இரண்டாகக் குறைகிறது. இலக்கு பெரிதாகவும் தெரிகிறது.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிராட்லி ஃபிஸ்க் 1890களின் தொடக்கத்தில் கப்பல் பீரங்கிகளுக்கான தொலைநோக்கிக் குறிநோக்கி ஒன்றை உருவாக்கினார். அது யார்க்டவுன் என்ற கப்பலில் சோதிக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையிலும் அதே பத்தாண்டில் தொலைநோக்கிகள் இருந்தன. இருந்தும் பீரங்கி வீரர்கள் அவற்றை விரும்பிப் பயன்படுத்தவில்லை.

அதற்குத் தக்க காரணம் இருந்தது. சுட்டவுடன் பீரங்கிக் குழல் பின்னோக்கிப் பாய்கிறது. தொலைநோக்கி குழலின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து பாயும். கண்ணை அதன் விளிம்பில் வைத்திருப்பவருக்கு அடி விழும். எனவே சுடும் கணத்தில் அவர் தலையை விலக்கிக்கொள்வார். சுடும்போது குழல் எங்கே நோக்கியிருந்தது என்பதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள், அந்தக் கணத்தில் பார்க்காமல் இருந்தார். இதோடு, ஒவ்வொரு அதிர்விலும் குறுக்குக் கம்பிகள் இடம் மாறின, திருகுகள் தளர்ந்தன.

இதற்கான விடை பீரங்கியின் அமைப்பிலேயே உருவாகி வந்தது. விரைவாகச் சுடும் புதிய பீரங்கிகளில் குழல் ஓர் உலோக உறைக்குள் சறுக்கிச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. இந்த உறைக்குத் தொட்டில் என்று பெயர். குழல் பின்னோக்கி ஓடி, நீர்மத் தடுப்பானால் நிறுத்தப்பட்டு, மீண்டும் முன்னுக்கு வரும். தொட்டில் பின்னோக்கி ஓடுவதில்லை. ஆனால் குழலோடு சேர்ந்து மேலும் கீழும் சாயும். தொலைநோக்கியைக் குழலிலிருந்து எடுத்துத் தொட்டிலில் பொருத்தினால், குறிபார்ப்பவர் சுடும் கணத்திலும் கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

சில்லா கப்பலும் பெர்சி ஸ்காட்டும்

இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் பிரித்தானியக் கடற்படையின் பெர்சி ஸ்காட். 1898இல் அவர் சில்லா என்ற போர்க்கப்பலின் தலைவராக மத்தியதரைக் கடலில் பணியாற்றினார். அன்றைய வழக்கப்படி, கப்பல் அலையில் ஆடும்போது குறுக்குக் கம்பி இலக்கைக் கடக்கும் கணத்துக்காகக் காத்திருந்து சுட வேண்டும். ஒருநாள் கொந்தளிப்பான கடலில் நடந்த பயிற்சியின்போது, ஒரு குறிபார்ப்பவர் மட்டும் மற்றவர்களைவிட நன்றாகச் சுடுவதை ஸ்காட் கவனித்தார். அந்த வீரர் தன்னை அறியாமலேயே சாய்வுச் சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றிக் கப்பலின் ஆட்டத்தை ஓரளவு ஈடுசெய்துகொண்டிருந்தார்.

அந்த ஒருவர் செய்ததை எல்லாருக்கும் இயலுமாறு செய்ய ஸ்காட் முனைந்தார். சாய்வுச் சக்கரத்தின் பல்லிணை விகிதத்தை மாற்றிக் குழலை விரைவாக ஏற்றி இறக்க வழிசெய்தார். பின்னுதைப்பு கண்ணைத் தாக்காதவாறு தொலைநோக்கியைப் பொருத்தினார். அதன் குறுக்குக் கம்பிகளையும் திருத்தினார். பயிற்சிக்கென ஒரு கருவியையும் அமைத்தார். பீரங்கியின் முன்னால் ஓர் அட்டை இலக்கு மேலும் கீழும் அசையும். குறிபார்ப்பவர் அதைப் பின்தொடர்ந்து விசையை அழுத்தினால், பென்சில் ஒன்று அட்டையில் புள்ளியிடும். குண்டு ஒன்றையும் செலவழிக்காமல் நூற்றுக்கணக்கான முறை பழக முடிந்தது.

1899ஆம் ஆண்டின் பரிசுச் சூட்டுப் போட்டியில் சில்லாவின் 4.7 அங்குலப் பீரங்கிகள் 70 குண்டுகளில் 56 குண்டுகளை இலக்கில் செலுத்தின. அதாவது 80 விழுக்காடு. மற்றக் கப்பல்கள் அதில் பாதியைக்கூட எட்டுவது அரிதாக இருந்த காலம் அது. முடிவை நம்ப மறுத்தவர்கள் பலர். ஸ்காட் அடுத்துத் தலைமையேற்ற டெரிபிள் கப்பலும் இதே உயரத்தை எட்டியபோது, தற்செயல் என்று ஒதுக்க வழியில்லாமல் போனது.

1900ஆம் ஆண்டுவாக்கில் சீனக் கடலில் ஸ்காட்டைச் சந்தித்த அமெரிக்க அதிகாரி வில்லியம் சிம்ஸ் இந்த முறையைக் கற்றுக்கொண்டார். வாஷிங்டனுக்கு அறிக்கை மேல் அறிக்கையாக அனுப்பினார். தலைமையகம் முதலில் பதிலளிக்கவில்லை. பின்னர், குழலை அவ்வளவு வேகமாக ஏற்றி இறக்குவது மனிதரால் இயலாது என்று ஒரு சோதனையை ஆதாரமாகக் காட்டியது. அந்தச் சோதனை தரைமேல் நடத்தப்பட்டிருந்தது. தரையில் பீரங்கிக் குழலைத் தூக்கி இறக்க வேண்டும். ஆடும் கப்பலிலோ குழல் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயலும். அதற்கு வேண்டிய விசை குறைவு. இறுதியில் சிம்ஸ் 1901இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். 1902இல் அவர் இலக்குப் பயிற்சி ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். விளக்குக் கப்பல் பயிற்சி நடந்து ஆறு ஆண்டுகளில், அதே 1,600 கெஜம் தூரத்தில் 75 அடி நீளமும் 25 அடி உயரமும் கொண்ட இலக்கில் ஓர் அமெரிக்கக் குறிபார்ப்பவர் ஒரே நிமிடத்தில் 15 குண்டுகளைச் செலுத்தினார்.

மயிரிழையின் கணக்கு

தொலைநோக்கி கிடைத்தது, அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் கிடைத்தது. இனி எல்லாம் பொருத்துதலின் துல்லியத்தில் வந்து நின்றது. வெறுங்கண் குறிநோக்கியில் குறிபார்ப்பவரின் பிழையே பெரிதாக இருந்ததால் கருவியின் பிழை அதற்குள் மறைந்திருந்தது. மனிதரின் பிழை குறைந்ததும் கருவியின் பிழை வெளியே தெரிந்தது.

ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. தொலைநோக்கியின் பார்வைக் கோடு, இருக்க வேண்டிய திசையிலிருந்து ஒரு கலை விலகியிருந்தால், 5,000 மீட்டர் தூரத்தில் அந்த விலகல் ஏறத்தாழ 1.45 மீட்டர் ஆகும். 10,000 மீட்டரில் அது 2.9 மீட்டர். பக்கவாட்டில் இது சிறிது. மேல்கீழ்த் திசையில் நிலைமை வேறு. குண்டு கடல்பரப்பை மிகச் சாய்வாக வந்தடைகிறது. அது 4 பாகைக் கோணத்தில் இறங்கினால், 1.45 மீட்டர் உயர வேறுபாடு கடல்பரப்பில் ஏறத்தாழ 20 மீட்டர் தூர வேறுபாடாக நீள்கிறது. மூன்று நான்கு கலை பிழை இருந்தால் குண்டு கப்பலுக்கு முன்னாலோ பின்னாலோ நீரில் விழுந்துவிடும்.

ஒரு கலை என்பது பொருத்துமிடத்தில் எவ்வளவு? தொலைநோக்கியைத் தாங்கும் இரு வளையங்களுக்கிடையே 30 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு முனை 0.087 மில்லிமீட்டர் உயர்ந்தால் பார்வைக் கோடு ஒரு கலை சாய்ந்துவிடும். அது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். வளையத்துக்கு அடியில் சிக்கிய ஒரு துகள், கெட்டியான எண்ணெய்ப் பூச்சு, உப்புக்காற்றில் ஏறிய துரு ஆகிய எதுவும் இந்த அளவைத் தாண்டக்கூடியது. சுடும்போது அதிர்ந்து, வெயிலில் காய்ந்து, அலைநீரில் நனையும் கருவியில் இந்த அளவைக் காக்க வேண்டியிருந்தது.

வேறு பிழைகளும் சேர்ந்துகொண்டன. தூரத்துக்கேற்பக் குறிநோக்கியைச் சாய்க்கும் பற்சக்கரங்களில் தளர்ச்சி இருந்தால், ஒரே எண்ணில் வைத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு கோணம் கிடைக்கும். சுருள்வரிக் குழலிலிருந்து சுழன்று செல்லும் குண்டு பக்கவாட்டில் சற்று ஒதுங்கும். அதை ஈடுசெய்யக் குறிநோக்கிச் சட்டத்தைக் கணக்கிட்ட சாய்வில் அமைக்க வேண்டும். தொலைநோக்கி தன் அச்சைச் சுற்றிச் சிறிது திரும்பிவிட்டால், செங்குத்தாக நிற்க வேண்டிய கம்பி சாய்ந்து குறிபார்ப்பவரை ஏமாற்றும்.

ஏன் மாற்றிப் பொருத்த வேண்டும்?

தொலைநோக்கியை ஒருமுறை கவனமாகப் பொருத்தி, நிலையாகத் திருகி விட்டுவிடலாமே என்ற கேள்வி எழும். மூன்று காரணங்கள் அதற்கு இடம் தரவில்லை.

முதலாவது, பழுது. கண்ணாடி உடையும், உள்ளே ஈரம் புகுந்து பனிபடியும், குறுக்குக் கம்பி அறும். போரின் நடுவில் இது நேர்ந்தால் புதியதை ஓரிரு நிமிடங்களில் வைத்தாக வேண்டும். அப்போது பீரங்கியை நிறுத்திக் குறியைச் சரிபார்க்க எதிரி நேரம் தரமாட்டான்.

இரண்டாவது, பகலும் இரவும். பகலில் அதிக உருப்பெருக்கம் பயன்படும். இரவில் வெளிச்சமே முதன்மை. தொலைநோக்கியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். முன் கண்ணாடி 42 மில்லிமீட்டராகவும் உருப்பெருக்கம் 6 மடங்காகவும் இருந்தால் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர்; இருளில் விரிந்த கண்மணியை அது நிறைக்கும். அதே கண்ணாடியில் 14 மடங்கு பெருக்கினால் 3 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். இரவில் பிம்பம் இருண்டுவிடும். எனவே ஒரே தாங்கியில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனத் தொலைநோக்கிகளை மாற்றி வைக்கும் தேவை இருந்தது.

மூன்றாவது, பாதுகாப்பு. பயன்படுத்தாத நேரத்தில் மென்மையான கண்ணாடிக் கருவியை அலையிலும் மழையிலும் விட்டுவைக்க முடியாது. கழற்றிப் பெட்டியில் வைத்து, அழைப்பு வந்ததும் மீண்டும் பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அது பழைய நிலைக்கே, மயிரிழை பிசகாமல், திரும்பி அமர வேண்டும்.

பிழையை இரண்டாகப் பிரித்தல்

ஒரு கருவியின் உறுப்பை எடுத்துவிட்டு அதேபோன்ற வேறோர் உறுப்பை அரம் போடாமல் பொருத்துவது என்ற எண்ணம் அப்போது புதிதன்று. பிரான்சின் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலர் 1790இல் பாரிசில், குவியலிலிருந்து கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் துப்பாக்கி விசைகளைக் கோத்துக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் சமதளப் பலகைகளையும் துல்லியமான அளவுமானிகளையும் பட்டறைகளுக்குள் கொண்டுவந்தார். துப்பாக்கி விசையில் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும். குறிநோக்கியிலோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடும் பொருந்த வேண்டும். குழலின் மைய அச்சோடு தொலைநோக்கியின் பார்வைக் கோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒவ்வொரு தொலைநோக்கியையும் ஒவ்வொரு பீரங்கிக்கும் தனித்தனியாகச் சரிசெய்வது முதல் வழி. அப்படிச் செய்தால் அந்தத் தொலைநோக்கி அந்தப் பீரங்கிக்கு மட்டுமே உதவும். இரண்டாவது வழி பிழையை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே நீக்குவது. தொலைநோக்கியின் பார்வைக் கோடு அதன் சொந்த வளையங்களின் அச்சோடு ஒன்றாக இருக்க வேண்டும். தாங்கியின் அச்சு அந்தப் பீரங்கியின் குழலச்சோடு ஒத்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் தனித்தனியே நிறைவேறிவிட்டால், எந்தத் தொலைநோக்கியும் எந்தப் பீரங்கியிலும் உடனே அமரும். மாற்றிப் பொருத்தும் நுட்பத்தின் சாரம் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

முதல் நிபந்தனையைச் சோதிக்கும் முறை நில அளவையாளர்களிடம் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. தொலைநோக்கியை கவட்டை வடிவத் தாங்கிகள் இரண்டில் கிடத்தி, தொலைவிலுள்ள ஒரு புள்ளியில் குறுக்குக் கம்பியை வைக்க வேண்டும். பிறகு தொலைநோக்கியை அதன் அச்சைச் சுற்றி அரைவட்டம் திருப்ப வேண்டும். கம்பி அதே புள்ளியில் நின்றால் பார்வைக் கோடு சரியாக இருக்கிறது. விலகினால், விலகலில் பாதிதான் உண்மையான பிழை. அந்தப் பாதி அளவுக்குக் கம்பியை நகர்த்தித் திருத்தலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு பிழை அகப்படாது. முன்வளையமும் பின்வளையமும் விட்டத்தில் வேறுபட்டால், தொலைநோக்கி முழுவதுமே சாய்ந்து அமரும். எவ்வளவு திருப்பினாலும் கம்பி அசையாது. விட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் வேறுபாடு, மேலே சொன்ன இடைவெளியில், ஒரு கலைக்கு நெருங்கிய பிழையைத் தரும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அளவுமானியால்தான் முடியும். கண்ணாடி செய்பவரின் திறமை முடிந்து, கடைசல் எந்திரத்தில் வேலை செய்பவரின் திறமை தொடங்கும் இடம் இது.

தொலைநோக்கி தாங்கிக்குள் சுழன்றுவிடாமல் இருக்க ஒரு சிறு முளையும் அதற்கான பள்ளமும் வேண்டும். முன்பின்னாக நகராமல் தடுக்க ஒரு தோள் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்க வில்லோடு கூடிய கவ்வி வேண்டும். கையால் இறுக்கும் திருகை ஒருவர் மெதுவாகவும் மற்றவர் வலுவாகவும் இறுக்குவார். மெல்லிய குழாய் அதற்கேற்ப வளையும். வில்லின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறாது.

குழலின் வழியே பார்த்தல்

இரண்டாவது நிபந்தனையான தாங்கியையும் குழலையும் ஒத்துப்போகச் செய்தல், குழலின் வழியாகவே பார்த்துச் செய்யப்பட்டது. குழல்வாயின் விளிம்பில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் இரு நூல்களைக் குறுக்காகக் கட்டுவார்கள். பின்வாயில் நடுவே நுண்துளையிட்ட தட்டு ஒன்றைப் பொருத்துவார்கள். துளை வழியே பார்த்து, நூல்கள் வெட்டும் புள்ளி தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தின் மேல் வரும்வரை குழலைத் திருப்புவார்கள். இப்போது குழலச்சு எங்கே நோக்குகிறது என்பது ஐயமின்றித் தெரியும். குறிநோக்கியின் எண்களைச் சுழியில் வைத்து, சரிபார்க்கப்பட்ட தொலைநோக்கி ஒன்றைத் தாங்கியில் இட்டு, அதன் கம்பியும் அதே அடையாளத்தில் விழும்வரை தாங்கியின் திருகுகளைச் சரிசெய்து பூட்டுவார்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தொலைநோக்கி குழலுக்குப் பக்கத்தில், சில நேரம் அரை மீட்டருக்கும் மேலான இடைவெளியில் இருக்கிறது. அருகிலுள்ள அடையாளத்தில் இரு கோடுகளையும் சேர்த்தால், அவை அதற்கப்பால் ஒன்றையொன்று வெட்டிப் பிரிந்துசெல்லும். 100 மீட்டரில் உள்ள அடையாளத்தில் அரை மீட்டர் இடைவெளியைச் சேர்த்துவைத்தால், 5,000 மீட்டரில் அவை ஏறத்தாழ 25 மீட்டர் விலகிப்போயிருக்கும். ஆகவே அடையாளம் மிகத் தொலைவில் இருக்க வேண்டும். இல்லையேல், குழலுக்கும் தொலைநோக்கிக்கும் உள்ள இடைவெளியிலேயே இரண்டு குறிகள் வரைந்த பலகையை வைத்து, கோடுகளை இணையாக நிறுத்த வேண்டும். துறைமுகத்துக்குள் அசையாமல் நிற்கும் கப்பலில் மட்டுமே இதை நிறைவாகச் செய்ய முடிந்தது.

கடற்படைகளின் தயக்கம்

நல்ல முறை இருந்தும் அது பரவ ஆண்டுகள் பிடித்தன. ஸ்காட் 1903இல் பிரித்தானியக் கடற்படையின் பீரங்கிப் பயிற்சி நிலையமான எக்செலண்டின் தலைவரானார். கப்பல்களில் இருந்த குறிநோக்கிகள் பல நம்பத் தகுந்தவையல்ல என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். ஒரு நாட்டின் கப்பற்படை முழுவதற்கும் குறிநோக்கிகளை மாற்றுவது பெருஞ்செலவு. அதோடு, கப்பல்களின் குறி பல ஆண்டுகளாகவே தவறாக இருந்தது என்று ஒப்புக்கொள்வது அலுவலகங்களுக்குச் செலவைவிடக் கசப்பானது. 1904 அக்டோபரில் ஜான் ஃபிஷர் கடற்படையின் முதன்மைப் பொறுப்புக்கு வந்தார். 1905இல் ஜான் ஜெல்லிகோ பீரங்கித் துறையின் இயக்குநரானார்; ஸ்காட் இலக்குப் பயிற்சி ஆய்வாளரானார். அதன் பிறகே குறிநோக்கிகளைப் புதுப்பிக்கும் பணி வேகம் பெற்றது.

குறிநோக்கிக் குறையின் விலை பயிற்சியில் தெரியாது, போரில்தான் தெரியும். குண்டுகள் இலக்கில் படாத கப்பல், தன் மேல் விழும் குண்டுகளை நிறுத்த முடியாத கப்பலாகும். அதில் இருந்த நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிர், தாங்கியின் திருகு எப்போது கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது என்பதைச் சார்ந்திருந்தது.

கப்பல் முழுவதும் ஒரே கருவி

போர்த் தூரம் மேலும் கூடியபோது, ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு குறிபார்ப்பவர் என்ற முறையும் போதவில்லை. புகையும் நீர்த்தூணும் கீழ்த்தளத்தில் பார்வையை மறைத்தன. ஸ்காட் மற்றொரு தீர்வை முன்வைத்தார். உயரமான பாய்மரக் கம்பத்தில் ஒரே ஒரு முதன்மைக் குறிநோக்கியை வைத்து, அங்கிருப்பவர் எல்லாப் பீரங்கிகளையும் ஒருசேரச் சுடுவது அத்திட்டம். 1912 நவம்பரில் இந்த அமைப்புள்ள தண்டரர் கப்பலும், அது இல்லாத ஓரியன் கப்பலும் போட்டியிட்டன. தண்டரர் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகப் புள்ளிகள் பெற்றது.

அடிப்படைச் சிக்கல் இங்கும் மாறவில்லை, பெரிதாகியது. முன்பு 30 சென்டிமீட்டர் தாங்கியில் ஒத்துப்போக வேண்டிய கோடுகள், இப்போது கப்பலின் நீளம் முழுவதும் பரவிய பல குழல்களுக்கும் கம்பத்தின் உச்சியிலுள்ள ஒரு தொலைநோக்கிக்கும் இடையே ஒத்துப்போக வேண்டியிருந்தது. பீரங்கி மேடைகள் ஒன்றுக்கொன்று மிகச் சிறிது சாய்ந்திருந்தாலும் அதை அளந்து திருத்த வேண்டியிருந்தது. பிழையைப் பகுதி பகுதியாகப் பிரித்து நீக்கும் பழக்கம் இல்லாமல் இந்த அமைப்பு இயங்கியிருக்காது.

தரையில்

தரைப்படையின் கனரகப் பீரங்கிகளுக்கு இலக்கு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மலைக்கு அப்பால் இருக்கும். எனவே குறிபார்ப்பவர் வேறொரு தெரிந்த அடையாளத்தைப் பார்த்து, அதிலிருந்து கணக்கிட்ட கோணத்தில் குழலைத் திருப்புவார். இதற்காக, தலைப்பகுதி எல்லாத் திசையிலும் சுழலும் தொலைநோக்கியை ஜெர்மனியின் கோர்ட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதன் வழிவந்த கருவிகளை இரு உலகப்போர்களிலும் பல நாட்டுப் படைகள் பயன்படுத்தின. பீரங்கி நகரும்போது இவற்றைக் கழற்றித் தோல் அல்லது மரப் பெட்டியில் வைப்பார்கள். நிறுத்தியதும் தாங்கியில் செருகுவார்கள். பின்வாங்கும் நிலையில் பீரங்கியை இழுத்துச் செல்ல முடியாவிட்டால், வீரர்கள் அதன் பின்வாய்ப் பூட்டையும் குறிநோக்கியையும் கழற்றி எடுத்துச்செல்வது வழக்கம். அவை இல்லாமல் எதிரியின் கையில் கிடைப்பது பல டன் எஃகு மட்டுமே.

இன்றைய நிலை

தற்காலப் பீரங்கிகளிலும் பீரங்கி வண்டிகளிலும் வெப்பப் படக்கருவியும் லேசர் தூரமானியும் கணினியும் வந்துவிட்டன. குழலச்சும் பார்வைக் கோடும் ஒத்திருக்க வேண்டும் என்ற தேவை அப்படியே இருக்கிறது. வெயில் ஒரு பக்கம் மட்டும் பட்டாலும் நீண்ட எஃகுக் குழல் நுண்ணளவில் வளையும். அதைக் குறைக்கக் குழலுக்கு வெப்பக் காப்பு உறை அணிவிக்கப்படுகிறது. பல பீரங்கி வண்டிகளில் குழல்வாயருகே ஒரு சிறு கண்ணாடியோ ஒளிக்கருவியோ பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டிக்குள் இருப்பவர் அதைப் பார்த்து, குழலும் குறிநோக்கியும் இன்னும் ஒத்திருக்கின்றனவா என்று வெளியே இறங்காமலேயே சரிபார்த்துக்கொள்கிறார். குழல்வாயில் நூல் கட்டிப் பின்வாய்த் துளை வழியே பார்த்த மாலுமி செய்ததும் இதே வேலைதான்.